பின்னால் போன பந்துக்குக் கைதட்டல்

இருபத்தொன்பது ஆட்டத்தில் பத்தொன்பது ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். மூன்றாம் டிவிஷன் ஃபுட்பாலில் இது பெரிய சாதனை என்று கோச் சொல்லிக்கொண்டிருந்தார். சாதனைதான், மறுப்பதற்கில்லை. பல்வலிக்காரனையும் தூங்கவைக்கும் சாதனை என்றான் பல் டாக்டர். தொழில் தெரிந்தவன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கோச்சுக்குக் கேலரியில் 'பத்திரம்' என்று பெயர். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஆட்டம் முழுக்க அவர் கத்துவது அந்த ஒரு வார்த்தையைத்தான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் கண்ணாடிக் கிடங்கில் மேனேஜராக இருந்தவர். பந்தையும் அப்படியே பார்த்தார். முன்னால் எதிராளியின் நிழல் தெரிந்தால் போதும், பையன்கள் திரும்பிவிட வேண்டும். பந்து இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும், நடுவிலிருந்து கோல்கீப்பருக்குப் போகும். கோல்கீப்பர் அதன் மேல் காலை வைத்து, வீட்டுச் சாவியைத் தொலைத்தவர் மாதிரி நாலு பக்கமும் பார்ப்பார். அப்புறம் வலது ஓரம். அங்கேயிருந்து மறுபடி நடு. பார்க்கிறவன் வாயில் ஈ புகுந்து வெளியே வந்தாலும் தெரியாது.

லிஃப்ட் மெக்கானிக் பத்தொன்பது வருடமாக நாலாவது வரிசையில், பல் டாக்டருக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கம்பிவடத்தையும் பிரேக்கையும் தடவிப் பார்ப்பது அவன் பிழைப்பு. அந்தத் தொழிலில் எதிர்பாராதது ஏதாவது நடந்தால் அடுத்து போலீஸ்தான் வரும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைக்குமாவது, தான் நினைக்காத ஒன்று கண்ணெதிரே நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். பெரிய ஆசை இல்லை. அதிலும் பத்திரம் மண்ணைப் போட்டார்.

இன்றைக்குக் கடைசி ஆட்டம். இது முடிந்ததும் கோச்சுக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுப்பதா, கும்பிடு போட்டு அனுப்புவதா என்று கிளப் கமிட்டி முடிவு செய்யப் போகிறது. ரசிகர்கள் மனசுப்படிதான் செய்வோம் என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ரசிகர்கள் மனசைக் காட்டாமலும் இல்லை. ஊளையிட்டுப் பார்த்தார்கள். 'ஆர்வம் கூடியிருக்கிறது' என்று கோச் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மழை வருகிறதா என்று பார்க்கிறார்கள் போலும் என்று கமிட்டி நினைத்தது. நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். செயலாளர் அதை எங்கேயோ வைத்துவிட்டு இன்னும் தேடுகிறார்.

கேலரிக்குப் பின்னால் இருக்கும் டீ ஸ்டாலில் வைத்து மெக்கானிக் திட்டத்தை அவிழ்த்தான்.

"பந்து கோல்கீப்பர்கிட்ட போற ஒவ்வொரு தடவையும் கோல் விழுந்த மாதிரி கத்துவோம். எந்திரிச்சு நிக்கணும், கட்டிப்புடிக்கணும். மானம் உள்ள மனுஷனா இருந்தா புரிஞ்சுக்குவாரு."

"மானம் இல்லைன்னா?" என்றான் பல் டாக்டர்.

"கூச்சமாவது இருக்கும்ல?"

"டேய், கோல்கீப்பர் உன் தங்கச்சி புருஷன். தங்கச்சி உன் தோலை உரிச்சிடும்."

"இது கோச்சைத்தானடா நக்கல் பண்றது. மாப்பிள்ளைக்கு அதெல்லாம் புரியும்."

"உனக்கே புரியுதான்னு பாரு மொதல்ல," என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டர் விஷயத்தைப் பரப்பப் போனான். சர்க்கரை இல்லாமல் டீ குடித்துக்கொண்டே அவன் வரிசை வரிசையாகச் சொல்லி முடித்தபோது கேலரியில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் திட்டம் தெரிந்திருந்தது.

நாலாவது நிமிடத்தில் முதல் பந்து பின்னால் போனது. கேலரி எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அடையாளம் தெரியாத ஒரு பெரியவர் மெக்கானிக்கை இழுத்துக் கட்டிக்கொண்டார். கோல்கீப்பர் பதறிப்போய்த் திரும்பி, தன் வலைக்குள் பந்து கிடக்கிறதா என்று பார்த்தார். பந்து அவர் காலடியிலேயே இருந்தது.

பத்திரம் கேலரியைப் பார்த்தார். அவர் முகத்தில் கூச்சம் வரும் என்று மெக்கானிக் காத்திருந்தான். வந்தது வேறு. பெண்ணுக்கு முதல் மார்க் என்று கேள்விப்பட்ட அப்பனின் முகம் அது.

"டேய், ஆளு சிரிக்கிறாருடா," என்றான் பல் டாக்டர்.

"இன்னும் ரெண்டு தடவை கத்துனா உறைக்கும்."

இருபது தடவை கத்தினார்கள். உறைத்தது பையன்களுக்குத்தான். வருடம் முழுக்க வசவு வாங்கியே பழகின காதில் முதல்முறையாகக் கைதட்டல் விழுந்தால் என்ன ஆகும்? நடு ஆட்டக்காரர்கள் முன்னால் வழி திறந்து கிடந்தாலும் திரும்பிப் பின்னால் தள்ளினார்கள். தள்ளிவிட்டுக் கேலரியைப் பார்த்துக் கை தூக்கினார்கள். பாதி நேரத்துக்கு அப்புறம் எதிரணிக்கும் ஆசை வந்துவிட்டது. அவர்களும் தங்கள் கோல்கீப்பருக்குப் பந்தை அனுப்பிவிட்டு, நமக்கு இல்லையா என்பதுபோல ஏறிட்டுப் பார்த்தார்கள். பாவம் பார்த்து அவர்களுக்கும் கொஞ்சம் கைதட்டினார்கள்.

எண்பத்தாறாவது நிமிடத்தில் அது நடந்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் வழுக்கி விழ, நம் முன்வரிசைக்காரன் தனியாகப் பந்தோடு நின்றான். எதிரே கோல்கீப்பர் மட்டும். பத்தடி தூரம். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் கோல். அவன் ஒரு நொடி யோசித்தான். கேலரியைப் பார்த்தான். பிறகு அப்படியே திரும்பி, மைதானத்தின் முழு நீளத்துக்கும், யார் காலிலும் படாமல், கோடு போட்ட மாதிரி பந்தைத் தன் கோல்கீப்பருக்கு அனுப்பினான்.

கேலரி வெடித்தது. மெக்கானிக் இரண்டு கையையும் தூக்கித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் பல் டாக்டரும். சில நொடி போன பிறகுதான், தான் நடிக்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. இப்படி ஒன்றை அவன் எதிர்பார்க்கவே இல்லை. கைகளை மெதுவாக இறக்கிப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். விசில் ஊதியதும் கமிட்டித் தலைவர் கேலரிப் படியேறி வந்து மெக்கானிக்கைக் கையோடு அழைத்துப் போனார். அவர் பெயிண்ட் கடைக்காரர். சட்டைக் கையில் எப்போதும் ஒரு சொட்டு இருக்கும், இன்றைக்குப் பச்சை. உடை மாற்றும் அறைக்கு வெளியே, ஈரத் துண்டும் தைலமும் நாறுகிற நடையில் ஒரு மேஜை. அதன் மேல் ஒப்பந்தக் காகிதம், மேஜைக்குப் பின்னால் பத்திரம்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லைங்க," என்றார் தலைவர். "நீங்கதான் முன்ன நின்னு பண்ணீங்கன்னு சொன்னாங்க. ரசிகர்கள் சார்புல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ரெண்டு வருஷம்னு எழுதிடலாம்."

"ஐயா, அது வந்து..." என்று மெக்கானிக் ஆரம்பித்தான்.

கதவைத் திறந்துகொண்டு கோல்கீப்பர் வந்தார். கையுறை அக்குளில், ஒரு கால் சாக்ஸ் கணுக்காலில். "மச்சான், ஒரு நிமிஷம்," என்று அவனைத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாய் பக்கம் நிறுத்தினார்.

"நீங்க கேலி பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவனுக்குக் காது சூடானது. "உங்களை இல்ல மாப்ள. கோச்சைத்தான்."

"யாரையோ. பதினோரு வருஷமா அந்தக் கம்பத்துக்கு நடுவுல நிக்கிறேன். தப்புப் பண்ணாத்தான் என் பேரு வெளிய வரும். இன்னிக்குச் சும்மா காலை வெச்சதுக்கே கத்துனீங்க. கேலியோ என்னவோ, நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப நான் தலைவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லுங்க. ஆனா புது கோச் வந்தா பந்தை நீளமா உதைக்கச் சொல்லுவாரு. நான் உதைச்சா எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். கடைசியாக அவர் நீளமாக உதைத்த பந்து டிக்கெட் கவுன்டர் கூரை மேல் இன்னும் கிடக்கிறது.

"முப்பத்தாறு வயசாச்சு மச்சான். இவரோட ஆட்டத்துக்குத்தான் நான் லாயக்கு. அடுத்த ஆளு என்னைப் பெஞ்சுல உட்கார வெச்சுருவாரு. உட்கார்ந்தா நான் எந்திரிக்க மாட்டேன், அதோட சரி." அழுகிற குரல் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரல்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தா எங்கே என்னைப் பேச விடறீங்க? பின்னால பின்னால போகுதுன்னு திட்டிக்கிட்டேதானே சாப்பிடறீங்க."

மேஜையிலிருந்து தலைவர் தொண்டையைக் கனைத்தார். மெக்கானிக் திரும்பி நடந்தான். இரண்டு வருடம் என்றால் அறுபது ஆட்டம். அறுபதும் இப்படியே. உள்ளதைச் சொன்னால் இப்போதே முடிந்துவிடும், வருடம் முழுக்க அவன் கேட்டதும் அதைத்தான். பின்னால் குழாயடியில் கோல்கீப்பர் குனிந்து சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவனைப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷம் வேணாங்க," என்றான் மெக்கானிக். "ஒரு வருஷம் போடுங்க."

"ஏன், அவ்வளவு பிடிச்சிருக்குல்ல?"

"ரொம்ப சந்தோஷமும் உடம்புக்கு ஆகாதுங்க."

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். காகிதத்தில் இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினார். பத்திரம் எழுந்து வந்து மெக்கானிக்கின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நம்ம ஆட்டம் உங்களுக்குப் புரிய ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வருஷம் இன்னும் நிதானமா ஆடுவோம், பாருங்க."

"இன்னும் நிதானமாவா?" என்று மெக்கானிக் கேட்க நினைத்தான். கேட்காமலே கையை உருவிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

வாசலில் பல் டாக்டர் ஸ்கூட்டரில் காலை ஊன்றிக் காத்திருந்தான்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"ஆளு போறாரா?"

"ஒரு வருஷம் இருக்காரு."

"ஒரு வருஷமா? அறிவு இருக்காடா உனக்கு? முப்பது ஆட்டம்டா! முப்பது!"

"இங்க பதினஞ்சுதான். மீதி வெளியூர்ல."

"வெளியூருக்கு யாருடா போவா, இதைப் பார்க்க?"

மெக்கானிக் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"நாமதான்," என்றான். "வண்டியை எடு."