கழித்தல் குறி

2012 ஐப்பசியில், கிளியனூரில் அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள். காலையில் போன கரண்ட் வரவேயில்லை. சூர்யகலா தரையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். அயல்நாட்டுத் துகள் மோதல் கூடம் ஒன்றில் துகள் கற்றைகளின் பாதையைக் கணக்கிடுவது அவள் வேலை.

அங்கே இரண்டு கற்றைகள் சற்றுச் சாய்வாக எதிரெதிரே வரும். நேருக்கு நேர் மோத வேண்டுமானால் வழியிலேயே அவற்றைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அதைச் செய்யும் கருவிக்கு நண்டுப் பெட்டி என்று பெயர். காந்தம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அந்தத் திருப்பம் மேல்கீழ் அசைவோடு கலந்துவிடும். அப்படிக் கலப்பதைச் சரிக்கட்டும் நிரல் அவள் எழுதியது. அதன் பதினேழாம் பக்கத்தில் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் இருந்தது.

மூன்று முறை போட்டுப் பார்த்தாள். கலப்பு குறையவில்லை, இரட்டிப்பானது. பெட்டி ஒரு கணம் பிசகினால் கற்றை, தான் ஓடும் குழாயின் மேல்சுவரில் ஏறிவிடும். முழு வேகத்தில் ஓட்டப்போவது நம்மூர் நேரப்படி இன்று நாலு மணிக்கு. இப்போது மூன்றேகால். செல்போனில் டவர் இல்லை.

"அண்ணா, ஜல்தி வண்டிய எடு. திண்டிவனம் போவணும்."

வெற்றிவேல் காரணம் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டெலிபோன் பூத்தில் லைன் கிடைக்கும்போது மணி நாலு பத்து. கட்டுப்பாட்டு அறையில் அன்று அரிபிரசாத்தின் முறை. விழுப்புரத்துக்காரன், கூட வேலை செய்பவன்.

"அரி, கற்றைய ஏத்தாதீங்க. என் நிரல்ல குறி தப்பு."

"ஏத்தியாச்சு, கலா. மேல்கீழ் அசைவு ஜாஸ்தியாதான் காட்டுது. மீட்டர் கோளாறுன்னு பேசிக்கினு இருந்தோம்."

"மீட்டரு சரியாதான் காட்டுது. இறக்கு."

"தலைவர கேட்டுட்டு வர்றேன். லைன்லயே இரு."

காலடிச் சத்தம் தேய்ந்தது. யாரோ மெல்லப் பேசினார்கள். பிறகு எச்சரிக்கை மணி நிற்காமல் ஒலித்தது.

அரிபிரசாத் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. "கற்றை சுவத்துல ஏறிடுச்சு. மோதற எடத்துல மோதல பதிவு பண்ற கருவி எரிஞ்சிபோச்சு. நாலு வருஷத்து வேலை."

"தப்பு என்னோடதுன்னு பதிவேட்டுல எழுது."

"எதுக்கு? மீட்டர் மேல போட்டுக்கலாம்."

"அப்புறமும் அதே நிரல வச்சிதான ஓட்டுவாங்க? என் பேர எழுது, அரி."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

வெளியே வந்தவளிடம் வெற்றிவேல் கேட்டான். "ஆளுங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லண்ணா. ஓடும்போது உள்ள யாரும் இருக்க மாட்டாங்க."

வண்டியில் ஏறப்போனவள் நின்றுவிட்டாள். போன மாதம் இன்னொரு கூடத்தார் கேட்டு அதே நிரலை அனுப்பி வைத்திருந்தாள். அவர்கள் எப்போது ஓட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி பூத்துக்குள் போனாள். அந்தக் கூடத்தின் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.