அப்பாவின் ஆமையோட்டுக் கத்தி

தையல்காரரின் அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஊரில் அவருக்கு ‘அளப்பு’ என்று பட்டப்பேர். திமிங்கிலத்தோடு பேசியிருக்கிறார், கடலுக்கடியில் மணி அடிக்கக் கேட்டிருக்கிறார். வீடே சிரிக்கும்.

அப்பா இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் தையல்காரர் அப்பாவின் சவரக்கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பழம்பொருள் கடைக்குப் போனார். ஏதோ ஒரு தீவில் செத்து ஒதுங்கிய அழுங்காமையின் ஓட்டில் செய்த கைப்பிடி என்று அப்பா சத்தியம் செய்வார். அந்த ஒன்றாவது நிஜமாக இருந்துவிடாதா என்று இவருக்கு ஓர் ஆசை.

கடைக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தியை வாங்கினாள். “விக்கவா?”

“ஐயோ, இல்லைங்க. நிஜமா பொய்யான்னு தெரிஞ்சா போதும்.”

“அதான் நல்லது. அசலா இருந்தா விக்கக் கூடாது, சட்டம் இருக்கு.”

கத்தியை விரித்து, கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தேன் நிறத்தில் ஒளி கசிந்தது. உள்ளே பழுப்பு மேகங்கள்.

“லென்ஸ் வச்சு அந்த மேகத்தோட ஓரத்தைப் பாருங்க.”

பார்த்தார். தெருச் சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. மேகம் மேகமாக இல்லை. கோடிப் புள்ளிகள், கலங்கிய மணல் தண்ணீரில் மெல்ல அடங்குவதுபோல, ஓரத்தில் ஒவ்வொன்றாகக் கரைந்தன. முங்கிய ஆள்போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சாயம்னா வழிஞ்ச மாதிரி வரிவரியா இருக்கும். இது அசல் ஓடு.”

அவள் கத்தியைத் திருப்பினாள். புருவம் நெரிந்தது.

“இந்தப் பக்கம் வேறங்க.”

கட்டைவிரலால் அந்தத் தகட்டைச் சூடேறும்வரை தேய்த்து நீட்டினாள். “எனக்குச் சளி. நீங்களே மோந்து சொல்லுங்க.”

“கற்பூரம்!”

“செல்லுலாய்டு, அந்தக் காலத்து பிளாஸ்டிக். கற்பூரம் போட்டுத்தான் செய்வாங்க. இந்த பிளாஸ்டிக் விடுற ஆவி பட்டுத்தான் இந்தப் பக்கம் மட்டும் இரும்பு அரிச்சிருக்கு. யாரோ உடைஞ்சதை மாத்தியிருக்காங்க. நிறத்தை எவ்வளவு பாத்துப் பாத்துப் பொருத்தியிருக்காங்க பாருங்க!”

தையல்காரர் வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி வாழ்ந்தவள்.

“அம்மா, அப்பாவோட கத்தி...”

“கண்டுபிடிச்சுட்டாங்களா?”

அவளே தொடர்ந்தாள். “நீ அப்போ கைக்குழந்தை. அந்தத் தடவை கத்தியை வீட்டிலயே விட்டுட்டுக் கப்பலுக்குப் போயிட்டார். துடைக்கும்போது கைதவறி ஒரு பக்கம் உடைஞ்சிடுச்சு. அவர் வர்றதுக்குள்ள உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு கடை கடையா ஏறி இறங்கினேன். அவர் சொல்றதை யாருமே நம்பலடா. இது ஒண்ணுதான் அவர் கையில இருந்த சாட்சி.”

“அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாமலா கடைசிவரைக்கும் எல்லாருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினார்?”

அம்மா சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு. பிறகு அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்; கல்யாணமான புதிதில் துறைமுகத்தில் காத்திருந்த காலைகள், பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும் கப்பல். கடைக்காரம்மா சத்தமில்லாமல் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். தையல்காரர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.