நளீபாவின் கழுத்துத் தழும்பு

நளீபாவுக்குக் கழுத்தில் தைராய்டு ஒப்பரேஷன் நடந்த விஷயம் ரதிக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. அன்றைக்கே வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள்.

இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில், ஒரு சுவரின் இரு பக்கமும் வளர்ந்தவர்கள். ரதிக்குப் பதினைந்து வயதானபோது அவளுடைய குடும்பம் வெள்ளவத்தைக்கு மாறிவிட்டது. நளீபா கல்யாணம் முடித்த பிறகும் அதே வீட்டிலேயே இருந்தாள். இப்போது இருவருக்கும் நாற்பத்தாறு. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் போனில் கதைப்பதோடு சரி.

நளீபா முக்காட்டை விலக்கிக் காட்டினாள். தொண்டைக்குழிக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்த கோடு, கயிறு போலத் தடித்துக் கிடந்தது. வெளியே போனால் முக்காடு மறைத்துவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அவள் கணவர் பாயிஸ் ஆறுதல் சொன்னாராம்.

“கண்ணாடியில நான் பாக்கிறேன்தானே” என்றாள் நளீபா.

முகம் கழுவும் இடத்துக் கண்ணாடியை அவள் ஒரு துவாயால் மூடி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு சீனியம்மா சொன்னாளென்று இரண்டு நாள் தேசிக்காய்ச் சாறு பூசியதில் தழும்பைச் சுற்றித் தோல் எரிந்து போயிருந்தது. ரதி அதை நிறுத்தச் சொல்லி, மறுநாள் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த நர்ஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். காயம் நன்றாக மூடிவிட்டது. எரிச்சல் அடங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு, வாசனை இல்லாத வாஸ்லினைத் தொட்டு, விரல் நுனியால் மெல்ல அழுத்தி வட்டமாகத் தடவ வேண்டும். காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிடம். மற்ற நேரத்தில் பார்மசியில் விற்கிற சிலிக்கோன் பட்டியை ஒட்டிக்கொள்ளலாம். வெயில் படக்கூடாது. ஒரு வருடம்கூட எடுக்கும். வெளிறித் தட்டையாகும், ஆனால் முழுதாக மறையாது.

நளீபாவுக்குத் தன் கழுத்தைத் தானே தொடப் பயம். விரலைக் கொண்டுபோவாள், எடுத்துவிடுவாள். அதனால் கிழமையில் மூன்று நாள் பின்னேரம் ரதி வருவதென்றும், மற்ற நேரங்களில் மகள் ஆதிபா தடவுவதென்றும் ஏற்பாடாயிற்று.

முதல் நாள் வாஸ்லினைத் தொட்டு விரலை வைத்ததுமே ரதிக்குப் பழைய பின்னேரங்கள் ஞாபகம் வந்தன. பன்னிரண்டு வயதில், நோன்பு மாதத்தில், நளீபாவின் குசினியில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப் பானை சரிந்து ரதியின் இடக்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. நளீபாதான் தட்டிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுடைய வாப்பா பெல்ட்டைக் கழற்றி அடித்தார். புண் ஆறியதும், தோல் இழுத்துப் பிடிக்காமல் இருக்க தினமும் எண்ணெய் தடவச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். ரதியின் அம்மா பள்ளிக்கூட ஆசிரியை, பின்னேரத்தில் டியூஷனும் இருந்தது. சுட்டவளே வந்து தடவட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

நளீபா வந்தாள். குர்ஆன் ஓதப்பள்ளி விட்டதும் தலையில் போட்ட முக்காட்டோடே வருவாள். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை வெயிலில் வைத்துச் சூடாக்குவாள். கோயில் மணி ஒரு பக்கம், ஐஸ்கிறீம் வண்டிச் சத்தம் ஒரு பக்கம் கேட்க, ரதி பாடப்புத்தகத்திலுள்ள கதைகளைச் சத்தமாக வாசிப்பாள். நளீபா கேட்டுக்கொண்டே தடவுவாள். வலித்தால் ஊதிவிடுவாள். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. ரதிக்குத் தன் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த வருடம் அதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் ஒரு முள் குத்துவதும் அதனால்தான்.

ஒரு மாதமாக வந்துபோன பிறகு, ஒரு புதன்கிழமை, தடவிக்கொண்டே ரதி அதைச் சொல்லிவிட்டாள்.

“நளீபா, அண்டைக்குப் பானையை இழுத்தது நான்தான். ருசி பாக்க ஸ்டூல்ல ஏறினனான். அம்மா கேக்கேக்க பயத்தில உன்ர பேரைச் சொல்லிப்போட்டன்.”

நளீபா கண்ணைத் திறக்கவில்லை.

“தெரியும். நான் கதவுக்கிட்ட நின்டு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

ரதியின் விரல் நின்றுவிட்டது. பிறகு ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“செல்லி என்ன செய்ய? வாப்பா அடிச்சி முடிஞ்சி. ஒனக்கு மருந்து கட்டக்குள்ள நீ கத்துற சத்தம் செவத்துக்குள்ளால கேக்கும். நான் காதப் பொத்திக்குவேன். ஆனா ஒங்க உம்மா என்னப் பாத்த பார்வதான் நெஞ்சில நின்டிச்சி. நீங்க வெள்ளவத்தைக்குப் போற அன்டைக்கும் அவங்க எனக்கிட்ட போய்ட்டு வாறன்டு செல்லல்ல” என்றாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் ரதி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இன்றைக்கும் யாராவது ரதியின் கையைப் பார்த்துக் கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளை கொட்டிவிட்டது என்றுதான் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ரதியைத் திட்டவில்லை.

“அந்தப் பிள்ளையின்ர நம்பரைத் தா” என்று மட்டும் சொன்னார்.

போனில் பேசுவது போதாதென்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலரில் ரதியோடு தானும் வந்தார். நளீபாவின் உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அழுதார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொன்னதாக ரதிக்கு ஞாபகமில்லை. நளீபாவின் இரண்டு கையையும் பிடித்தபடி, அந்த ஒரு வருடம் அவள் வந்திருக்காவிட்டால் தன் பிள்ளை கையை நீட்டி மடக்கியிருக்க மாட்டாள் என்றார். நளீபா அவருக்குப் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். போகும்போது அம்மா வாசலில் நின்று, “போயிட்டு வாறன் மகள்” என்றார்.

எட்டு மாதத்தில் கழுத்துக் கோடு தட்டையாகி, தோல் நிறத்தைவிடச் சற்று வெளிறி, கழுத்து மடிப்புகளில் ஒன்றைப் போல ஆகிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னும் தெரியும். நளீபா இப்போது அதைத் தானே தடவிக்கொள்கிறாள்.