நெஸ்டர் திட்டிய குட்டை

என் புருஷன் நெஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது எங்கள் கோதுமை முழுக்க வயலில் நின்றது. சாஸ்கடூன் நகரத்து ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆபரேஷன் முடிந்த வாரம், அக்கம்பக்கத்துக்காரர்கள் யாரும் கூப்பிடாமலே வந்து இறங்கினார்கள். ஆண்கள் அறுவடை மிஷின்களோடும் லாரிகளோடும், பெண்கள் முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் பொதிந்து வேகவைத்த சுருள் நிறைந்த அண்டாக்களோடும். எங்கள் பக்கம் இப்படித்தான். நாளைக்கு அவர்களில் ஒருவர் விழுந்தால் நாங்கள் போவோம். சாயங்காலத்துக்குள் வயல் மொட்டையாகிவிட்டது. நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு எல்லோருக்கும் காபி ஊற்றினேன்.

அதோடு நின்றிருக்கலாம். நல்ல மனுஷர்களுக்கு நிறுத்தத் தெரியாது.

பக்கத்து வயல்காரன் பொஹ்தான், எங்களைவிட இளையவன், ஊர்க்காரியம் எதுவானாலும் முதல் ஆளாக நிற்பான். அவன் தன் பொக்லைனை டிரெய்லரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

"இது எதுக்கு?" என்றேன்.

"குட்டைய வடிச்சிரலாம்னு. ரோட்டோர ஓடைக்கு ஒரு வாய்க்கா வெட்டினா போதும். அனுமதியெல்லாம் நான் பாத்துக்கறேன். நெஸ்டர் வீட்டுக்கு வந்து பாத்து அசந்துரணும்."

எங்கள் வயலின் நட்டநடுவில் இருக்கிறது அந்தக் குட்டை. அதை நெஸ்டர் திட்டாத நாள் இல்லை. விதைக்கும்போது வளைத்து வளைத்து ஓட்டி இடுப்பு ஒடிகிறது, கொசுப் பண்ணை, வாத்துகளுக்குத் தண்டச்சோறு என்று காபிக் கடையில் உட்கார்ந்து ஊரே கேட்கப் புலம்புவான். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு.

"வேண்டாம் பொஹ்தான்."

"அட, இதுல என்ன சிரமம்?"

"நிஜமாவே வேண்டாம்."

"இப்படித்தான் சொல்வீங்கன்னு லெசியா வரும்போதே சொன்னா." அவன் மனைவி லெசியா காபிக் கோப்பையோடு நின்று சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் யார் உதவ வந்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். உடனே தலையாட்டுகிறவளைப் பேராசைக்காரி என்பார்கள். காலையில் அறுவடையும் வேண்டாம் என்றேன், சாப்பாடும் வேண்டாம் என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் எனக்குத்தான் கோபம் வந்திருக்கும். இப்போது நெஞ்சு பதறிச் சொன்னதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். கத்திப் பார்த்தேன். "பாவம், களைச்சுப் போயிட்டாங்க, உள்ள கூட்டிட்டுப் போ" என்று யாரோ லெசியாவிடம் சொன்னார்கள். பொக்லைன் குட்டையைப் பார்த்து நகர்ந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அரிதாளை மிதித்துக்கொண்டு ஓடினேன். மிஷினை முந்திக்கொண்டு போய், போட்டிருந்த ஷூவோடு தண்ணீரில் இறங்கினேன். அக்டோபர் தண்ணீர் எலும்பைக் கடித்தது. முழங்காலுக்கு மேல் நனைந்து நின்றேன். வெறும் மரியாதைக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் போக மாட்டாள் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

பொஹ்தான் இன்ஜினை அணைத்தான். "உங்களுக்கு என்ன ஆச்சு? நெஸ்டருக்கு இதைக் கண்டாலே ஆகாதே."

"நான் ஏரிக்கரைப் பொண்ணு." எனக்குப் பல் கிட்டியது. "எங்கப்பா வின்னிபெக் ஏரியில மீன் பிடிச்சவர். கட்டிக்கிட்டு இங்க வந்தா, எந்தப் பக்கம் திரும்பினாலும் மண்ணு. அழுதுகிட்டே கிடந்தேன். ஒருநாள் நெஸ்டர் என்னை இங்க கூட்டிட்டு வந்து, 'உனக்கு இது போதுமான்னு பாரு'ன்னான். அவ்வளவுதான் பேசினான். அப்புறம் ஒரு கூடை மண்ணு இதுல தள்ளினதில்ல. பனி உருகினா மொத வாத்து வந்துருச்சான்னு அவன்தான் பாத்துட்டு வந்து சொல்லுவான்."

"அப்புறம் எதுக்கு எங்ககிட்ட இத்தனை வருஷமா திட்டினான்?"

"திட்டாம வச்சிருந்தா, பொண்டாட்டிக்காக வச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. கேலி பண்ணியே கொன்னிருப்பீங்க."

பொஹ்தான் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி வந்து கை கொடுத்துக் கரையேற்றினான். லெசியா தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினாள். "எங்க வயல்ல எனக்காக என்ன வச்சிருக்காருன்னு இன்னிக்கு ஒருத்தர்கிட்ட கேக்கணும்" என்று புருஷன் காதில் விழும்படி சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெளுத்துக் கிடந்தவன் காது நுனிவரை சிவந்துபோனான்.

"எல்லார் முன்னாடியுமா சொன்னே?"

"எல்லார் முன்னாடியும்தான்."

"இனி காபிக் கடைப் பக்கம் எப்படிடி தலை காட்டுவேன்?"

"காட்டாத. வீட்டுலயே குடி."

அந்நேரம் பார்த்து பொஹ்தானும் இன்னும் நாலைந்து பேரும் தொப்பியைக் கழற்றியபடி அறைக்குள் வந்தார்கள். நெஸ்டர் கையை உருவிக்கொள்வான் என்று நினைத்தேன். நாலு பேர் பார்க்க என் விரலைக்கூடத் தொடாதவன் அவன். இன்றைக்கு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, வெளியே மழை வருமா என்று அவர்களிடம் விசாரித்தான்.