பின்னால தெரியணும்

வாசு பெரியப்பா பினாங்குத் தமிழர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆனதற்குச் சாட்சி. மீதிப் பாதிப் பேர் வேறு போட்டோக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் ஆகியிருக்கும் என்றே நம்புகிறோம். ஊரே டிஜிட்டலுக்குப் போனபோது அவர் கல்யாணங்களை விட்டாரே தவிர பிலிமை விடவில்லை. அப்படிப்பட்டவர் இந்த வருடம் டிஜிட்டல் கேமரா வாங்கக் கிளம்பியதற்குக் காரணம், ஜெகதீஸ்வரி பெரியம்மா சாகப்போகிறார்.

இதை டாக்டர் நாசூக்காகத்தான் சொன்னார். பெரியம்மாதான் பாயான் பாருவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு உடைத்துச் சொன்னார். கல்லீரலில் கட்டி, தீபாவளி வரை தாங்காது. அதற்குள் ஒரு படம் எடுக்க வேண்டும். மாலை போட்டு மாட்டுகிற படம். அதைத் தானே பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

நான் என் போனை எடுத்தேன்.

"அத உள்ள வைடா ஷர்வின். ஊரான் பொண்டாட்டி எல்லாத்தையும் எடுத்தவரு, ஒரு தடவ என்னையும் எடுக்கட்டும்."

போட்டோக்காரர் வீட்டில் பெரியம்மா படம் இல்லாததற்குக் காரணம் உண்டு. கல்யாண வீட்டில் வருகிற போகிறவர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். பிலிமை வீணாக்காமல் பெரியப்பா வெறும் ஃபிளாஷ் மட்டும் அடிப்பார். கண் கூசினால் போதும், படம் எடுத்தாகிவிட்டது என்று போய்விடுவார்கள். வீட்டில் பெரியம்மாவுக்கும் அதே வெளிச்சம்தான். கேட்டால், கழுவும்போது கெட்டுப்போனது என்பார். விஷயம் தெரிந்த பிறகும் பெரியம்மா சண்டை போடவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கும் புதுப் புடவை கட்டி, தலை வாரி, வந்து நின்றார். பெரியப்பாவும் ஃபிளாஷ் அடித்தார்.

இப்போது பிலிமைக் கழுவ கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வருவதற்குள் மாலை வாடிவிடும். அதனால்தான் டிஜிட்டல். பெரியம்மா போட்டது ஒரே நிபந்தனை: "பின்னால தெரியணும். எடுத்த உடனே நான் பாக்கணும்."

கொம்தார் பக்கத்துக் கடைக்குப் பெரியப்பாவோடு நானும் போனேன். ஒருமுறை அல்ல. ஒவ்வொரு கேமராவையும் காதில் வைத்து 'கிளிக்' சத்தம் கேட்பார். ஒன்று கால்குலேட்டர் மாதிரி இருக்கிறது என்பார், இன்னொன்று கையில் கனக்கவில்லை என்பார். வீட்டில் பெரியம்மாவின் எடை குறைந்துகொண்டே போனது. கடையில் பெரியப்பா, கேமராவின் எடை போதாது என்று வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் கடைக்காரப் பெண் நஜ்வா அலமாரி அடியிலிருந்து பழைய ரகம் ஒன்றை எடுத்தாள். டிஜிட்டல்தான், ஆனால் பின்னால் திரை கிடையாது. கறுப்புத் தோல் மட்டும். யாரும் கேட்காத சரக்கு என்று அவளே மலாயில் சொன்னாள். பெரியப்பா அதைக் கண்ணில் வைத்தார். முகம் மலர்ந்தது.

நான் நிபந்தனையை நினைவூட்டினேன்.

"கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டலாம்லா. எடுக்க எடுக்க திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தா அவன் என்ன போட்டோகிராபர்?"

அதற்குள் பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி உடைக்கு மேலேயே நீலப் புடவையைச் சுற்றி, பொட்டு வைத்து, தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தோம். பெரியப்பா ஜன்னல் திரையை இழுத்தார், விலக்கினார், பாதி இழுத்தார். பிறகு ஒரு கிளிக். கேமராவை இறக்கிவிட்டார். இன்னொன்று எடுக்கச் சொன்னேன். ஒன்று போதும், கைக்குத் தெரியும் என்றார்.

பெரியம்மா கையை நீட்டினார். "காட்டுங்க."

பெரியப்பா கேமராவைக் கொடுத்தார். பெரியம்மா அதைத் திருப்பினார். கறுப்புத் தோலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர்லதான் தெரியும் ஜெகா. உள்ள இருக்கு, சத்தியமா இருக்கு."

"பரவால்லங்க," என்றார் பெரியம்மா. "நல்லா வந்திருக்கு."

பிறகு புடவையை அவிழ்த்துவிடச் சொன்னார்.

நான் லேப்டாப் எடுக்க பாயான் பாரு வீட்டுக்கு ஓடினேன். நெரிசலில் மாட்டித் திரும்பியபோது வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், பெரியம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கார்டைச் செருகினேன். படம் நிஜமாகவே இருந்தது. ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருந்தது. புடவை மடிப்பெல்லாம் துல்லியம். பெரியம்மா கண்ணை மூடியிருந்தார்.

பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். "சிமிட்டிட்டா," என்றார். "முழிச்சதும் இன்னொன்னு எடுத்துக்கலாம்."

கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஃபோகஸை இமைகள் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேமரா நல்ல கனம். கை தாழத் தொடங்கியதும் முழங்கையைக் கட்டில் கம்பியில் ஊன்றிக்கொண்டார். நர்ஸ் வந்து நாடி பார்த்து, அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லும்வரை அப்படியே இருந்தார்.

காரியத்தன்று மாலை போட்டது ஐசி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படத்துக்கு. சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த கார்த்திகேசு மாமா அதன் முன் நின்று, கண்ணு அப்படியே பேசுது, நீங்க எடுத்ததா வாசு என்று கேட்டார்.

"இல்ல," என்றார் பெரியப்பா. "பதிவிலாகா."