சஹனை விட்டு முதலில் எழும்பியவள்

"முனாப் நானா, பர்ஸானுக்குக் குடுக்கிற சம்பளத்த எனக்கும் தாங்க. ஏலாட்டி, ஏனெண்டு செல்லுங்க."

கல்முனையில் அந்த மென்பொருள் கம்பனியில் சேர்ந்த அன்றே றிஸ்னாவுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி, சம்பளத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதுதான். அதை அவள் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு உடைத்தாள். கம்பனியிலேயே ஆண்களுக்கொன்று, பெண்களுக்கொன்று என இரண்டு சஹன் சோறு வைத்து, பலர் கூடி உண்ணும் அந்தப் பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் பாயில் அமர்ந்திருந்தார்கள்.

நேரம் பார்த்துத்தான் கேட்டாள். சம்பளம் என்ற சொல் காதில் விழுந்தாலே முதலாளி முனாபுக்கு வெளிநாட்டிலிருந்து கோல் வந்துவிடும். போனும் காதுமாக மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். சஹனில் அது நடக்காது. கூட உண்பவர்கள் முடிக்குமுன் எழும்புவது மரியாதையில்லை என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முனாபின் கை சோற்றில் நின்றது. "என்ன புள்ள, சாப்பாட்டிலயா இதக் கதைக்கிற? நாம ஒரு குடும்பம்."

"குடும்பமெண்டுதானே படுத்த பிறகும் கோல் எடுத்து வேல செல்றீங்க. பர்ஸானுக்கு வேல பழக்கினதும் நான்தான்."

முதல் சம்பளம் எடுத்த சந்தோசத்தில் தொகையை உளறியவன் பர்ஸான்தான். "ஓம் நானா, ராத்தாதான் பழக்கின" என்றான் தலை நிமிராமல்.

முனாப் அவசரமாக அள்ளி விழுங்கத் தொடங்கினார். முடித்துவிட்டு எழும்பப் பார்க்கிறார் என்று மற்றவர்களுக்கு விளங்கிவிட்டது. அவரோடு ஒரே சஹனில் இருந்த ஸஜாத் வெறும் எலும்பொன்றை எடுத்துச் சாவகாசமாகச் சப்பினான். பர்ஸான் கல் பொறுக்குகிறவன்போல் ஒவ்வொரு பருக்கையாக எடுத்தான்.

"ஆறுதலா நானா, விக்கப்போகுது" என்றாள் நதீரா, றிஸ்னாவின் தோளோடு ஒட்டியிருந்து.

வேறு வழியில்லாமல் முனாப் வாய் திறந்தார். "அவன் ஆம்புளப் புள்ள, நாளைக்கிக் குடும்பம் பாக்கணும். உனக்கென்ன செலவு? கட்டிக்குடுத்தா விட்டுட்டுப் போயிருவாய்."

வாப்பாவின் மருந்தும் தம்பியின் படிப்பும் வீட்டின் முதல் பட்டதாரியான றிஸ்னாவின் தலையில்தான். வேலைக்குக் கூப்பிட்டிருந்த அக்கரைப்பற்றுக் கம்பனியொன்றுக்கு 'வாறன்' என்று எழுதிய பதில் காலையிலிருந்து அனுப்பாமல் அவள் போனில் கிடந்தது. இவருக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"கட்டிக்குடுக்கும் மட்டும் என்னத்துக்கு நானா? இப்பவே போறன்."

"இரிகா" என்று நதீரா முந்தானையைப் பிடித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

றிஸ்னா கை கழுவினாள். கம்பனி மடிக்கணினியை முனாபின் மேசையில் வைத்தாள். பதிலை அனுப்பிவிட்டுப் படியிறங்கினாள்.

பின்னால் பர்ஸானின் குரல் கேட்டது:

"எங்க நானா எழும்புறீங்க? நாங்க இன்னும் முடிக்கல்லயே!"