இறுக்காத பெட்ரோல் மூடி

ஞானதுரை அண்ணாச்சியை முடியாதவர்கள் இல்லத்தில் விட்டுவிடுவது என்று பியூலா அக்கா முடிவு செய்தது ஒரு பெட்ரோல் டேங்க் மூடியால்தான். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

தளவாய்புரத்தில் அக்கா வீட்டு மாடியில் நைட்டி தைக்கிறோம். நான் பாண்டிசெல்வி, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் என் பொறுப்பு. மெஷினைவிட என் வாய்தான் அதிகம் ஓடும் என்பது அக்காவின் புகார். தைத்த சரக்கை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளில் கொண்டுபோய்ப் போட ஒரு பெட்ரோல் லோடு வண்டி உண்டு. கார்புரேட்டர் காலத்துப் பழைய வண்டி. அக்காவின் வீட்டுக்காரர் ஞானதுரை அண்ணாச்சிதான் அதற்கு டிரைவர், மெக்கானிக் எல்லாம். போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. காலை இழுத்து இழுத்து நடப்பார். "ஆ... ஆ..." என்ற ஒரு சத்தம்தான் மிச்சம். அதற்குப் பிறகு அக்கா வண்டி ஓட்டப் பழகினாள். அழுதுகொண்டேதான் பழகினாள், அதையும் சொல்ல வேண்டும்.

சித்திரை வெயிலில் துணி மூட்டையெல்லாம் பெட்ரோல் நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர் ஒரு நைட்டியை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு எந்தப் பொம்பளையாவது அடுப்பு முன்னால நிப்பாளாம்மா?" என்று கேட்டார். மூட்டை திரும்பி வந்துவிட்டது.

அக்கா விடுகிற ஆள் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினாள். முன்சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு டப்பா, அதிலிருந்து மூன்று ரப்பர் குழாய்கள். இரண்டு எங்கெங்கோ போய் மாட்டியிருந்தன. ஒன்று மட்டும் எதிலும் மாட்டாமல் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. நாற்றம் அங்கிருந்துதான்.

"ஏட்டி, வெட்டுத்துணி ஒண்ணு கொண்டா."

கொடுத்தேன். தையல்காரியிடம் ஓட்டையைக் காட்டினால் சும்மா விடுவாளா? துணியைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, மேலே நூலைச் சுற்றி முடிச்சும் போட்டாள். பக்கத்தில் நின்ற அண்ணாச்சி அப்போது "ஆ... ஆ..." என்று கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டார். குனிய முயன்றார், முடியவில்லை.

"டீதானே, செத்த நேரம் இருங்க, தாரேன்" என்றாள் அக்கா.

நாற்றம் ஓரளவு அடங்கியது. ஆனால் மறுநாளிலிருந்து அண்ணாச்சி ஒரு புது வேலையைத் தொடங்கினார். நாங்கள் மூட்டை ஏற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வருவார். இடது கையால் பெட்ரோல் மூடியைத் திறப்பார், திரும்ப வைப்பார். இறுக்க மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பி வீட்டில் இறங்கிப் பார்த்தால் மூடி லொடலொடவென்று ஆடிக்கொண்டிருக்கும். அக்கா இறுக்கி வைப்பாள். காலையில் மறுபடி அதே கதை.

"ஒரு மூடியத் திருகத் தெரியல இவியளுக்கு. எவனாவது பீடியப் பத்தவச்சா என்ன ஆகும்?" என்று புலம்புவாள். ஒருநாள் அவர் கையை மூடியிலிருந்து பிடித்து இழுத்தாள். அவர் இருக்கிற ஒரு கையால் அவளைத் தள்ளிவிட்டார். அக்கா விழுந்து முழங்கை தோல் உரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர் அவர்.

அன்றைக்கே அக்கா பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கி மாட்டினாள். சாவி வண்டிச் சாவியோடு அவள் இடுப்பிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வண்டி நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும், இருமும், நின்றுவிடும். ஓரமாகக் காத்துக் கிடந்தால் மறுபடி கிளம்பும். "பூட்டுறதுக்கு முன்னாலயே டேங்குக்குள்ள என்னத்தையோ போட்டுட்டாவ. எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குளிப்பாட்டி, ஊட்டி, துணி வெட்டி, வண்டி ஓட்டி, ராத்திரியும் அவர் எழுந்தால் எழுந்து, அவள் பாதியாகிப் போயிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் இடம் கேட்டாள். வரச் சொல்லிவிட்டார்கள்.

சரக்கும் அண்ணாச்சியும் ஒரே வண்டியில்தான் போனார்கள். அக்கா அவருக்குச் சவரம் செய்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள். நடுவில் நான், ஜன்னலோரம் அவர். அவருடைய துணிப்பை என் மடியில் இருந்தது. எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியும். பையைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ராஜபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இருமியது, நின்றது. அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி கதவைத் திறந்து இறங்கினார். வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், பூட்டிய மூடியை விரல் முட்டியால் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"பேசாம வந்து ஏறுங்க" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

அவர் நிறுத்தவில்லை. என்னால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. வண்டியிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்துவிட்டேன். அண்ணாச்சி இடது கையால் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டேங்க் அவ்வளவு நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி நீளமாக இழுத்தது. அவர் மூடியைத் திரும்ப வைத்தார், இறுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "போகலாம்" என்பதுபோல முன்னால் கை காட்டினார்.

நாங்கள் ஏறி, சாவி போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. அக்கா திரும்பி அண்ணாச்சியின் இடது கையைப் பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பி, ராஜபாளையத்தில் மெக்கானிக் அன்சார் பட்டறைக்கு விட்டாள்.

அன்சார் அடியில் படுத்தான். வெளியே வரும்போது கையில் ஊதாப்பூ போட்ட வெட்டுத்துணி.

"யாருக்கா இதுக்குள்ள நைட்டியச் சொருகுனது?"

"நான்தான். நாத்தம் அடிச்சுது."

"கரி டப்பாக்கா இது. டேங்குல கெளம்புற ஆவி ஒரு பைப்பு வழியா வந்து இந்தக் கரிக்குள்ள தங்கும். எஞ்சின் ஓடும்போது இன்னொரு பைப்பு வழியா கார்புரேட்டருக்குப் போயிரும். இந்தத் தொறந்த வாய் இருக்கே, இதுலதான் வெளிக்காத்து உள்ள வரணும். பெட்ரோல் கொறையக் கொறைய டேங்குக்குக் காத்து வேணும்லா? வாய அடைச்சா பம்பு என்ன இழுத்தாலும் பெட்ரோல் வராது. ஒங்க டப்பாவுல கரி செத்துப்போச்சு. நாத்தம் அதனாலதான். மாத்திட்டாச் சரியாயிரும்." துணியை உதறிவிட்டுக் கேட்டான்: "இத அடைச்சு எம்புட்டு நாளாச்சு?"

"சித்திரையிலயே அடைச்சுட்டேன்."

"அப்பவே நின்னிருக்கணுமே. மூடிய லூசா விட்டாத்தான் ஓடும். யார் விட்டது?"

அண்ணாச்சி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்சார் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. இடது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, காற்றில் மெல்ல ஒரு திருகு திருகிக் காட்டினார். தினமும் காலையில் சொன்னதைத்தான் இன்னொரு தடவை சொன்னார்.

அக்கா அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு கிரீஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டிக்குப் போய், அவருடைய துணிப்பையை நைட்டி மூட்டைகளுக்கு அடியில் தள்ளிவைத்தேன். சாயங்காலம் அது எங்களோடு தளவாய்புரத்துக்கே திரும்பி வந்தது.